அண்ணனை ‘இதர’வில் போட்ட கதை

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பவர்களிடம் ஒரு வேலையை நம்பி ஒப்படைக்கக் கூடாது. இதை நான் தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் டெஸ்டர். யாரோ ஒருவர் மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதிய புரோகிராமை வாங்கி, அங்கே அமுக்கி இங்கே அமுக்கி, ‘இது சரியில்லை, அது ஓடவில்லை’ என்று எழுதிக் கொடுப்பேன். (கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் இதையேதான் செய்கிறேன் என்பார் என் வீட்டுக்காரர். ஆபீசில் இதற்குச் சம்பளமாவது தருகிறார்கள் என்பது என் பதில்.) பல வருஷம் இப்படிக் குறை சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டு, ஒருநாள் நானே சொந்தமாக ஒன்றைச் செய்துபார்க்கலாம் என்று துணிந்தேன். அதனால் என் மகளின் காதுகுத்து நின்றுபோகப் பார்த்தது. கூடப் பிறந்த ஒரே அண்ணனின் உறவும் அறுந்துபோகப் பார்த்தது.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய கதை. மகள் மீனாவுக்கு அப்போது மூன்று வயது. சென்னையைக் காலி செய்துகொண்டு காரைக்குடிக்கு வந்து, வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் சொந்தக்காரர்களுக்குச் செல்போனில் ஒரு குழு உண்டு. திருப்பத்தூர், சாக்கோட்டை, மதுரை, சிங்கப்பூர் என்று இறைந்து கிடக்கிற இருநூற்றுப் பதினான்கு பேர் அதில் இருந்தார்கள். கல்யாணத் தேதி, காணாமல்போன ஆடு, முழங்கால் வலிக்கு எந்த டாக்டர், யார் வீட்டு மாடு கன்று போட்டது என எல்லாம் அதில்தான் வரும். ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. காரணம், காலை வணக்கம்.

காலை வணக்கத்தின் தலைவர் என் அண்ணன் கருப்பையா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருப்பத்தூரில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் வயலும் உண்டு. தினமும் காலை ஐந்து மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாமல், ஒரு செம்பருத்திப் பூ படம் போடுவார். அதன்மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்று இருக்கும். கீழே ஒரு அறிவுரை: ‘வெறும் வயிற்றில் வெந்நீர் குடியுங்கள்.’ அவ்வளவுதான். உடனே பதில் வணக்கங்கள் வர ஆரம்பிக்கும். பெரியவர் போட்டதற்குப் பதில் போடாமல் இருந்தால் மரியாதையாகாது அல்லவா. அதனால் ரோஜாவும் தாமரையும் சூரியோதயமுமாக இருநூறு படங்கள் வரிசையாக வந்து விழும். எங்கள் வீட்டில் முதல் ‘டிங்’ சத்தத்திலேயே மீனா எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் அவளைத் தூங்கவைக்க ஆறரை ஆகும். ஆறரைக்கு நான் எழுந்தாக வேண்டும்.

ஒருநாள் காலை ஐந்தேகாலுக்கு, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து சித்தப்பா மகன் ஒரு செய்தி போட்டான். அவன் அப்பாவுக்கு ஆபரேஷன், அவசரமாக ரத்தம் வேண்டும் என்று. அதற்கு மேலே எழுபது பூ, கீழே எழுபது பூ. பதினொரு மணி வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. நல்ல வேளையாக ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு செய்துகொடுத்து, சித்தப்பா பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. படித்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று பொங்கினேன்.

ஆபீசில் நாங்கள் பேசிக்கொள்ள ஒரு விவாதத் தளம் இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் இரண்டு அம்புகள் இருக்கும். பயனுள்ளது என்றால் மேல் அம்பு, வெட்டி என்றால் கீழ் அம்பு. அதிக மேல் அம்பு வாங்கிய பதிவு தானாக உச்சிக்கு ஏறும். கீழ் அம்பு வாங்கியது தானாக அடியில் போய் ஒதுங்கும். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. இதையே சொந்தக்காரர்களுக்கும் செய்துகொடுத்தால் என்ன என்று தோன்றியது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை எடுத்து, பத்து நாளில் ‘நம்ம சொந்தம்’ என்று ஒரு தளம் உருவாக்கினேன். நல்லது கெட்டது, உடல்நலம், படிப்பு வேலை, விவசாயம் என்று பிரிவுகள் வைத்தேன். எதிலும் சேராததற்கு ‘இதர’ என்று ஒன்று. வாக்கு ரகசியமாக இருக்கும் என்று அறிவித்தேன். அதோடு என் மூளையில் உதித்த விதி ஒன்றையும் சேர்த்தேன். ஒருவர் வாங்கிய மேல் அம்புகளில் கீழ் அம்புகளைக் கழித்து, அது மைனஸ் இருநூறுக்குக் கீழே போய்விட்டால், அதன்பிறகு அவர் எதைப் போட்டாலும் அது நேராக ‘இதர’வுக்குப் போய், மடங்கி, சத்தமில்லாமல் கிடக்கும். யாருக்கும் ‘டிங்’ அடிக்காது. நான் மனதில் வைத்திருந்தது ஊர் பேர் தெரியாமல் உள்ளே நுழைகிற விளம்பரக்காரர்களை. ஆனால் கம்ப்யூட்டருக்கு விளம்பரக்காரர் யார், தாய்மாமன் யார் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பழைய குழுவில் யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டினேன். (நான்தான் அட்மின். அந்தப் பதவி மனுஷியை என்னவெல்லாம் செய்யவைக்கும் என்பதற்கு நானே சாட்சி.) கடைசியாக ஓர் அறிவிப்புப் போட்டேன்: ‘இனி எந்த விசேஷத்துக்கும் ஆளாளுக்குப் போன் செய்து அலைய வேண்டாம். நம் தளத்தில் ஒரு பதிவு போட்டால் போதும், எல்லாருக்கும் போய்ச் சேரும்.’

முதலில் போன் செய்தவர் அண்ணன்தான்.

“ஆத்தா, நீயே செஞ்சதாமுல்ல. கடைக்கு வர்ற நம்ம ஆளுக எல்லார் போன்லயும் நான் ஏத்திவிட்டுர்றேன். நீ கவலைப்படாத.”

சொன்னபடியே செய்தார். மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர்களை உட்காரவைத்து, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் போனிலும் தளத்தைத் திறந்துகொடுத்து, ‘எந்தங்கச்சி செஞ்சது’ என்று சொல்லி அனுப்பினார். அறுபது பேரைச் சேர்த்தது அவர். அவர் இல்லாவிட்டால் அந்தத் தளத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து அம்பு விட்டுக்கொண்டிருந்திருப்போம்.

தளம் பிரமாதமாக ஓடியது. அதாவது, ஓடியது. முதல் வாரம் உச்சியில் ஏறி உட்கார்ந்த பதிவு, திருக்கோஷ்டியூர் கோயில் வாசலில் அத்தை ஒருத்தியின் புதுச் செருப்பு காணாமல்போன செய்தி. செருப்பைத் தொலைக்காதவர் எங்கள் வம்சத்தில் யாருமில்லை என்பதால் எல்லோரும் மனமுருகி மேல் அம்பு போட்டார்கள். சாக்கோட்டைப் பெரியப்பா ஒரே பதிவில் தன் முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம், கத்தரியில் புழு மூன்றையும் எழுதிவிட்டு, எந்தப் பிரிவு என்று கேட்ட இடத்தில் எல்லாவற்றையும் தொட்டுவைத்தார். சித்தப்பாவின் ரத்தச் செய்தியை மாதிரிக்காக நான் மறுபடி போட்டிருந்தேன். அது மூன்று வாரம் உச்சியை விட்டு இறங்கவே இல்லை. உடம்பு தேறி வீட்டுக்கு வந்த சித்தப்பாவே நன்றிக்காக ஒரு மேல் அம்பு போட்டார். ரத்தம் கொடுக்கிறேன் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் டிக்கெட் விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. பழசானவற்றைத் தானாக இறக்கிவிட வேண்டும் என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் கதைக்கு வருகிறேன். நேரில் பார்த்தால் எல்லோரும் அவரிடம் என்ன சொல்வார்கள் தெரியுமா? “ஒங்க வணக்கத்தப் பாத்தாத்தேன் மாமா எங்களுக்குப் பொழுதே விடியிது.” எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றுதான் சொல்வோம். அந்த யோசனை இருபது வருஷம் வரை நீளும். அப்படிப்பட்ட ஜனங்கள் கையில் ரகசியமாக ஒரு கீழ் அம்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. செம்பருத்தியின்மேல் கீழ் அம்பு மழையாகப் பொழிந்தது. ‘அருமை மாமா’ என்று கீழே எழுதிவிட்டு, அதே கையோடு அமுக்கினார்கள்.

நானும் அமுக்கினேன். ஒத்துக்கொண்டுவிடுகிறேன். முதல் நாளே, கீழ் அம்பு வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு பதிவு தேவைப்பட்டது. அண்ணன் பதிவு கைக்கு வாட்டமாக இருந்தது. மறுநாள், மறுபடி சோதித்தேன். மூன்றாம் நாளும் சோதித்தேன். மொத்தம் பத்தொன்பது. முதல் மூன்று, தொழில். மிச்சம் பதினாறு, காலை ஐந்து மணிக்கு மீனா எழுந்து உட்கார்ந்துகொண்டு ‘அம்மா, கதை சொல்லு’ என்றபோது அமுக்கியவை.

ஒரு மாதத்தில் ‘டிங்’ நின்றுபோனது. மீனா ஏழு மணி வரை தூங்கினாள். நானும் தூங்கினேன். ‘பார்த்தீங்களா, அண்ணனே திருந்திட்டாக’ என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஒங்கண்ணன் திருந்துற ஆளாக்கும்? எதுக்கும் ஒரு போனப் போட்டுப் பாரு” என்றார். நான் போடவில்லை. தளம் நன்றாக ஓடும்போது எதற்குப் போன்?

அண்ணன் திருந்தவெல்லாம் இல்லை. மைனஸ் இருநூறைத் தாண்டி, ‘இதர’வின் அடியில் தனியாக உட்கார்ந்து தினமும் ஐந்து மணிக்குச் செம்பருத்தி போட்டுக்கொண்டிருந்தார். பதில் வணக்கம் ஒன்றுகூட வராததைப் பார்த்து, ‘எல்லாரும் அறுவடை வேலையா இருக்காக போல’ என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார். இதை மதினி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்த நிலையில்தான் மீனாவின் காதுகுத்து வந்தது. வெள்ளிக்கிழமை, காரைக்குடியில் ஒரு மண்டபம், நேரம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகுகாலம். காதுகுத்து என்றால் மற்றவர்கள் யார் வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை, தாய்மாமன் வேண்டும். அவர் மடியில் பிள்ளை உட்கார வேண்டும், அப்போதுதான் ஆசாரி ஊசியை எடுப்பார். வேறு மடிக்கு வழியில்லை. தாய்மாமனும் வெறுங்கையோடு வரமாட்டார். தெருமுனையிலிருந்து மேளதாளத்தோடு சீர்த்தட்டுகளை ஊர்வலமாகக் கொண்டுவருவார். தட்டுகளைத் தூக்குவது அவர் பக்கத்துச் சொந்தங்கள். எத்தனை பேர் தட்டோடு அவர் பின்னால் நடந்து வருகிறார்கள் என்பதுதான் தாய்மாமனுக்குக் கௌரவம். கருப்பையா அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. மீனா பிறந்த அன்றைக்கே இந்தச் சீருக்குத் திட்டம் போட ஆரம்பித்தவர் அவர்.

தளத்தில் நான் போட்ட அழைப்புக்குக் காலை எட்டரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பந்தியில் இட்லியும், கும்மாயம் என்கிற எங்கள் ஊர் இனிப்பும் ஓடிக்கொண்டிருந்தன. சாக்கோட்டைப் பெரியப்பா இரண்டாம் பந்தியிலும் தென்பட்டார். ஆசாரி ஒன்பது மணிக்கே வந்து பாயில் உட்கார்ந்து ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டார். நான் பட்டுச்சேலையும் ஆரத்தித் தட்டுமாக வாசலில் சீரை எதிர்பார்த்து நின்றேன். ஒன்பதேகால் ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. மேளச் சத்தத்தைக் காணோம். வீட்டுக்காரர் அண்ணனுக்கு நாலு முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. ஒன்பது நாற்பதுக்கு மதினியிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“வள்ளி, நாங்க எட்டரையிலருந்து தெருக்கடைசிப் புள்ளையார் கோயில்லதேன் நிக்கிறோம். ஒங்கண்ணன் வண்டியத் திருப்பச் சொல்லிக்கிட்டு இருக்காரு. வெரசா வா.”

ஆரத்தித் தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடினேன். பின்னாலேயே வீட்டுக்காரர், அவர் பின்னால் விஷயம் கேள்விப்பட்ட பந்திக் கூட்டம், கடைசியாகக் கையைக்கூடக் கழுவாமல் பெரியப்பா.

பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி நின்றது. சுவரோரமாக இருபத்தொரு தட்டு. பட்டுப்பாவாடை, வளையல், பழம், பொம்மை, சர்க்கரை, பூ, நடுவில் ரோஸ் கலரில் ஒரு மூன்று சக்கர சைக்கிள். மேளக்காரர்கள் மேளத்தின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சலவை வேட்டியும் தோளில் அங்கவஸ்திரமுமாகக் கோயில் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு இருந்தது மதினியும் வண்டி டிரைவரும்தான். இருபத்தொரு தட்டுக்கு இரண்டு பேர்.

“என்னண்ணே இங்குட்டே உக்காந்துட்டீக? நேரம் போகுதுண்ணே. ஆசாரி காத்துக்கிட்டு இருக்காரு.”

“நம்ம ஆளுக வரட்டும்னுதேன் ஆத்தா இருந்தேன். ஒருத்தரும் வரல.”

“யாருட்டண்ணே சொல்லிவிட்டீக?”

“ஒந்தளத்துலதேன் போட்டேன். நீதான யாருக்கும் போன் பண்ண வேணாம், ஒரு பதிவு போட்டாப் போதும்னு சொன்ன.”

போனை நீட்டினார். பத்து நாளைக்கு முன் போட்ட பதிவு. ‘என் தங்கச்சி மகள் மீனாக்குட்டிக்குத் தாய்மாமன் சீர். வெள்ளி காலை எட்டரைக்கு மண்டபத் தெருக் கடைசிப் பிள்ளையார் கோயிலில் கூட வேண்டும். நம் ஆட்கள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு தட்டு எடுத்து எனக்குப் பெருமை சேர்க்க வேண்டும்.’ மேலே ஒரு செம்பருத்தி. பார்த்தவர்கள்: பூஜ்யம். பிரிவு: இதர.

இதை எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார்.

“சும்மா உக்காந்து அங்கிட்டு இங்கிட்டு தொட்டுக்கிட்டு இருந்தனா, பழைய வணக்கத்துல எல்லாம் இப்புடி ஒரு பேர் வரிசை வருது. பக்கத்துல கீழ பாத்த அம்பு. இது என்னத்தா?”

எட்டிப் பார்த்தேன். வாக்களித்தவர்களின் பட்டியல். பெயரோடு, எத்தனை முறை என்ற எண்ணோடு. ரகசிய வாக்கு என்று நான் ஊருக்கெல்லாம் அறிவித்தேனே, அதே ரகசிய வாக்கு. மென்பொருளின் மூலையில் ‘வாக்களித்தவர் பெயரைப் பதிவிட்டவருக்குக் காட்டு’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் விழுந்தே வந்திருக்கிறது. நான் எடுக்கவில்லை. அடுத்தவர் புரோகிராமில் இப்படி ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்திருந்தால் மூன்று பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதி, மேனேஜருக்கு நகல் அனுப்பியிருப்பேன்.

யார் முதலில் அமுக்கினார்களோ அவர் பெயர் முதலில் வரும்படி அந்தப் பட்டியல் அமைந்திருந்தது. அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வந்து நின்ற கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தார்.

“வள்ளியம்மை, பத்தொம்பது. சாக்கோட்டைப் பெரியப்பா, பதினேழு. மதுரைச் சித்தப்பா, பதினாலு…”

பெரியப்பாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

“அடடே, அது கீழ பாத்த அம்புல்ல. அடுத்த பக்கம் போறதுக்குன்னு நெனச்சுல்லப்பா நான் அமுக்குனேன்.”

அவ்வளவுதான். வெள்ளத்தில் போனவர்களுக்குக் கட்டை கிடைத்த மாதிரி எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். “ஆமா மாமா, அடுத்த பக்கம்.” “நானும் அடுத்த பக்கம் போகத்தேன்.” “பேத்தி சொன்னா, கீழ போறதுக்கு அத அமுக்கணும்னு.” கல்லூரிப் பேராசிரியராக இருக்கும் சித்தப்பா மகனும் அடுத்த பக்கம் போகத்தான் அமுக்கினானாம். இருநூறு கீழ் அம்பும் ஒரே நிமிஷத்தில் பக்கம் திருப்பிய பாவமாக மாறிவிட்டன. அண்ணன் எல்லோருக்கும் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீயும் அடுத்த பக்கம் போறதுக்குத்தேன் அமுக்குனியா ஆத்தா?”

அத்தனை பேரும் ஏறிய ஓடத்தில் எனக்கு மட்டும் இடமில்லை. அம்பைச் செய்தவளே நான்தானே. பிள்ளையார் கோயில் வாசலில், பட்டுச்சேலையில், வேர்த்து ஒழுக நின்றேன். எந்தச் சாக்கைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

“இல்லண்ணே. வேணும்னேதான் அமுக்குனேன்” என்றேன். “காலைல அஞ்சு மணிக்கு நீங்க போடுறீக. போன் அடிக்குது. ஒங்க மருமக முழிச்சுக்கிருறா. கோவத்துல அமுக்குனேன். இப்புடி ஒங்கள எங்கயோ கொண்டுபோய்ப் போட்டுரும்னு எனக்குத் தெரியாதுண்ணே.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். அழுகை வரவழைத்தது இல்லை, தானாக வந்தது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். (மேளக்காரர் ஒருவர் இதைச் சாக்காக வைத்து ஒரு பீடி குடித்து முடித்ததாக வீட்டுக்காரர் சொல்வார்.)

“இதச் சொல்றதுக்கு என்னத்தா?” என்றார் கடைசியில். “சொல்லியிருந்தா சத்தத்தக் கொறச்சு அனுப்பியிருப்பேன்ல.”

அனுப்புகிறவர் சத்தத்தைக் குறைக்க முடியாது என்று விளக்க அது நேரமில்லை. பின்னாலிருந்து மதினி குரல் கேட்டது. “அது சரி, அந்த வரிசையில எம்பேரு இன்னும் வரலையா? பக்கத்துலயே படுத்திருக்கேன். எனக்குத்தான மொதல்ல அடிக்குது.”

அண்ணன் போனை விரலால் தள்ளித் தள்ளிப் போனார். கொஞ்சம் கீழே இருந்தது. செல்வி, இருபத்தாறு. அவர் மதினியைப் பார்த்தார், மதினி பிள்ளையாரைப் பார்த்தார். முதலில் அண்ணனுடைய தோள்தான் குலுங்கியது. பிறகு டிரைவர் சிரித்தார், பிறகு தெருவே சிரித்தது.

“சரி, ஆளுக்கொரு தட்ட எடுங்க” என்று எழுந்தார் அண்ணன். “பெரியப்பா, நீங்க அந்தச் சக்கரைத் தட்டு. வள்ளி, நீ பலாப்பழத்தத் தூக்கு.”

பெரியப்பா பதறினார். “ஏப்பா, சீர் வாங்குற வீட்டுக்காரியே தட்டுத் தூக்குறது மொறையில்லையேப்பா. ஊர்ல சிரிப்பாக.”

“பத்தொம்பது அமுக்குறது மட்டும் மொறையா பெரியப்பா?”

பெரியப்பா சர்க்கரைத் தட்டைத் தூக்கிக்கொண்டார். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பலா. சுமார் என் மகள் எடை. தலையில் சும்மாடு வைத்து ஏற்றிவிட்டார்கள். மேளம் முழங்க, இருபத்தொரு தட்டோடு, பின்னால் தட்டில்லாத நூறு பேரோடு, அண்ணன் முன்னே நடந்தார். அவ்வளவு கூட்டம் வந்த தாய்மாமன் சீரை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். மண்டப வாசலை அடைந்ததும் பலாப்பழத்தை இறக்கிவைத்துவிட்டு, ஓடிப்போய் ஆரத்தித் தட்டை வாங்கி, நானே சுமந்துவந்த சீரை நானே ஆரத்தி எடுத்து வரவேற்றேன். பத்து மணி இருபது நிமிஷத்துக்கு மீனா மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். மீனா வீறிட்டாள். அவளைவிட அதிகமாக அழுதவர் அண்ணன்.

திங்கள்கிழமை தளத்தை மூடினேன். பழைய குழுவைத் திறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குச் செம்பருத்தி வந்தது. ‘டிங்’ கொஞ்சம் குறைவாகக் கேட்கிறதா என்று அண்ணன் போன் செய்து விசாரித்தார். குறைவாகத்தான் இருக்கிறது என்றேன். (என் போனில் சத்தத்தை நிறுத்த ஒரு வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். நான் டெஸ்டர் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.)

என் மகா தளத்திலிருந்து ஒரே ஒரு விஷயம் மட்டும் தப்பிப் பிழைத்தது. அதைக் காப்பாற்றியவரும் அண்ணன்தான். “அந்தத் தலைப்பு வைக்கிறது மட்டும் நல்லாத்தேன் இருந்துச்சு. எதப் போட்டாலும் மொதல்ல ஒத்த வார்த்தை போட்ருவோம்” என்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான். ‘அவசரம்’ என்று ஆரம்பித்தால் உடனே பார்க்க வேண்டும். ‘நல்லது’ என்றால் கல்யாணம் காதுகுத்து. மற்றதெல்லாம் ‘இதர’. அண்ணன் தினமும் விடாமல் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்: ‘இதர: இனிய காலை வணக்கம்.’ அந்த ‘இதர’ எனக்கென்று தனியாகப் போடுவது.

நான் பலாப்பழத்தோடு நடந்துவரும் போட்டோ திருப்பத்தூர்க் கடையில், மோட்டார் காயில்களுக்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. யார் என்று கேட்பவர்களிடம், “எந்தங்கச்சி. சாஃப்ட்வேர்ல இருக்கு” என்கிறாராம். வீட்டில் குழம்பில் உப்புக் கூடிவிட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை, விரலைக் கீழே காட்டுகிறார்கள். எட்டு வயது மீனா போன வாரம் என் பாயசத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: “இதரவுல போட்டுட்டேம்மா.” அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மாமன்காரராகத்தான் இருக்கும்.

போன மார்கழியில் ஒருநாள் ஐந்து மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்தது. போனைப் பார்த்தேன். வணக்கம் வரவில்லை. ஐந்து பத்து, ஐந்து இருபது. போன் செய்தேன், எடுக்கவில்லை. மதினியும் எடுக்கவில்லை. குழுவில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ‘அவசரம்: கருப்பையா வணக்கம் இன்னும் வரலையே’ என்று சாக்கோட்டைப் பெரியப்பா. ‘அவசரம்: மாமா நல்லா இருக்காகளா’ என்று சிங்கப்பூர். மதுரையிலிருந்து, சென்னையிலிருந்து, பேராசிரியரிடமிருந்து. அந்தக் காலத்தில் கீழ் அம்பு போட்ட அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் திருப்பத்தூருக்குப் போக வண்டியை வெளியே எடுத்துவிட்டார். ஐந்து வருஷம் நான் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த போனைச் சத்தமாக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு நாற்பதுக்கு ‘டிங்’ அடித்தது.

‘அவசரம்: நல்லா இருக்கேன். அசந்து தூங்கிட்டேன்.’

போனிலிருக்கும் குட்டிப் பொம்மைப் படங்களுக்கு நடுவே தேடி, ஒரு மேல் அம்பைக் கண்டுபிடித்துப் போட்டேன். (சோதனைக்காக அல்ல.)